ஸ்டீயரிங் திடீரென இறுகுகிறதா?

பால் கேனும் காய்கறியும் ஏற்றும் சிறு வண்டிகள் பலவற்றிலும் கார்களிலும் மின்சார பவர் ஸ்டீயரிங் உள்ளது. டிராக்டரில் ஆயில் அழுத்தம் செய்யும் வேலையை இதில் ஒரு மோட்டார் செய்கிறது. ஸ்டீயரிங் எப்போதாவது இறுகி, உடன் முகப்பு விளக்கும் மங்கினால், மோட்டாரை மாற்ற அவசரப்பட வேண்டாம். அது செலவு மிகுந்த வேலை. முதலில் பேட்டரியையும் எர்த் கம்பியையும் பாருங்கள்.

நின்ற இடத்தில் சக்கரத்தைத் திருப்பும்போது மோட்டார் மிகுந்த மின்சாரம் இழுக்கும். பாதி அடைத்த குழாயில் கடைமடைக்கு நீர் சேராதது போல, பூத்துப்போன டெர்மினல் வழியே அது வராது. மற்ற நேரங்களில் குறை தெரிவதில்லை.

மல்டிமீட்டரில் இரவு முழுதும் நின்ற வண்டியின் பேட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டவேண்டும். எஞ்சின் ஓடும்போது 14 அளவில். கைபிரேக் போட்டு, நியூட்ரலில் எஞ்சினை ஓடவிட்டு, ஒருவர் ஸ்டீயரிங்கைத் திருப்பட்டும். பேட்டரியின் நெகடிவ் முனைக்கும் வண்டியின் உடலுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் இணைப்பே குற்றவாளி. பெல்ட்டின் அருகே கையும் வேட்டியும் போகாதிருக்கட்டும்.

எச்சரிக்கை விளக்கு எரிந்திருந்தால், பேட்டரியைக் கழற்றுமுன் பணிமனையில் பிழைக் குறியீட்டைப் படித்துவிடுங்கள்; கழற்றினால் அது அழியக்கூடும். பிறகு எஞ்சினை அணைத்து, நெகடிவ் கம்பியை முதலில் கழற்றவேண்டும். சமையல் சோடா கரைத்த நீரால் பூப்பைக் கழுவி, உலர்த்தி, இறுக்கி, வாஸ்லின் தடவுங்கள். மாட்டும்போது நெகடிவ் கடைசி. குறை தீரும்வரை சுமையேற்றி மலைப்பாதையில் போகவேண்டாம்.