தேக்கு நாற்காலி இணை



கச்சிராயபாளையத்தில் நின்று மேற்கே நோக்கினால் கல்வராயன் மலை கண்ணை நிறைக்கும். அம்மலையடிவாரத்துத் தச்சர் ஒருவரிடம் தேக்கைப் பற்றிக் கேளுங்கள். "நல்ல மரந்தான், ஆனால் ரம்பத்தின் கூரைத் தின்றுவிடும்" என்றே சொல்வார். தேக்கினுள் மணலை ஒத்த சிலிக்கா என்னும் பொருள் கலந்திருப்பதே அதற்குக் காரணம். இச்சிறு தொல்லையைத் தீர்த்ததனால் டென்மார்க்கு தேசத்து நாற்காலித் தொழில் எவ்வாறு வளர்ந்தது என்பதையே இன்று கூற விரும்புகின்றேன்.

டென்மார்க்கு தேசத்தார் நமக்குப் புதியவர் அல்லர். 1620 முதல் 1845 வரை தரங்கம்பாடி அவர்கள் கையில் இருந்தது. எனினும் அவர்களுடைய தேக்கு நாற்காலிகள் உலகப் புகழ் பெற்றது இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே. மெத்தை தைத்த இரு கைநாற்காலிகளை இணையாக வாங்கி, சிறு மேசையருகே இடுவது அங்குள்ள இல்லங்களின் வழக்கமாயிற்று.

அவற்றின் அமைப்பை நோக்குவோம். கட்டடக் கலைஞரான பின் யூல் 1945-இல் ஒரு நாற்காலியை வகுத்தார். நீல்ஸ் வோடர் என்னும் தச்சர் அதனைச் செய்தார். பழைய மெத்தை நாற்காலியில் துணி மரத்தை மூடி நிற்கும். இதிலோ மரச்சட்டம் வெளிப்படையாய் நிற்க, மெத்தை அதனின்றும் சற்றே விலகி மிதப்பதுபோல் தோன்றும். தாங்குவது எது, தாங்கப்படுவது எது என்பதைக் கண்ணே அறிந்துகொள்ளும். அழகு என்பதற்கு இதனினும் நேர்மையான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. இதற்கு முன்பே, 1924 முதல், கோபன்ஹேகனில் ஆசிரியராயிருந்த கோர கிளிண்ட் மனித உடலின் அளவுகளை அளந்து அவற்றிற்கேற்ப மரப்பொருள் செய்யக் கற்பித்து வந்தார். யூல் அவருடைய மாணவர் அல்லர். ஆயினும் அக்காலத்துத் தொழில் அவ்வளவுகளின் மேல் நின்றது.

மரம் ஏன் தேக்காயிற்று? குளிர்நாட்டு வீடுகளில் குளிர்காலத்தில் சூடேற்றுவதனால் காற்று வறண்டு, மரம் சுருங்கிப் பிளக்கும். தேக்கு அதிகம் சுருங்காது. அதன் இயற்கை எண்ணெய் ஈரத்தையும் பூச்சியையும் தடுக்கும். தாய்லாந்து முதலிய நாடுகளிலிருந்து அது கப்பலேறிற்று. மரத்துடன் அதன் பெயரும் சென்றது. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் தேக்கு என்னும் சொல்லே போர்த்துக்கீசியர் வாயிலாகத் திரிந்து ஐரோப்பிய மொழிகள் பலவற்றிற் புகுந்தது.

ஆனால் அங்கும் ரம்பம் மழுங்கிற்று! பிரான்ஸ் அண்டு டாவர்கோசன் என்னும் தொழிற்சாலையார் மிகக் கடினமான கார்பைடு முனை பதித்த ரம்பங்களைக் கையாண்டு, தேக்கை இயந்திரத்தால் விரைவாக அறுத்தனர். அவர்கள் மெத்தைத் தொழிலும் அறிந்தவர்கள். ஆகவே சுருள்வில் பொதிந்த மெத்தைகளைத் தேக்குச் சட்டத்தின்மேல் தனியாக எடுத்து வைக்கும்படி அமைத்தனர். தச்சர் ஒருவர் பல நாள் முயன்று செய்த பொருளைப் பலர் வாங்குமாறு செய்தது இவ்வழியே.

இத்தகைய இணை ஒன்று உங்கள் கைக்கு எட்டுமாயின் ஒன்றைக் கவனியுங்கள். அமர்ந்தவுடன் ஆசனம் தாழ்ந்தால் நாற்காலி கெட்டதென்று பலர் தள்ளிவிடுகின்றனர். பெரும்பாலும் கெட்டது மெத்தையின் கீழ் இழுத்துக் கட்டியிருக்கும் ரப்பர் பட்டையே. அது ஆண்டு பலவாகி இறுகி வெடிக்கும். புதியதை மாற்றுவது சிறு செலவு. கடற்பஞ்சு போன்ற ரப்பர் நுரையும் பொடியாகும், அதனையும் மாற்றலாம். மாற்ற இயலாதது மரமே. தாய்லாந்து அரசு 1989-இல் தன் இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதைத் தடை செய்தது. ஆகவே சட்டத்தின் மூட்டுக்களை மட்டும் நன்கு அசைத்துப் பாருங்கள். அவை ஆடாதிருப்பின் நாற்காலி உயிரோடிருக்கின்றது. பளபளப்பு வேண்டுமென்று அரம் போட்டுத் தேய்க்கச் சொல்லாதீர்கள். செய்தவரின் முத்திரை பெரும்பாலும் ஆசனத்தின் அடியிலேயே இருக்கும், அதுவும் அத்துடன் போய்விடும்.