உதிரும் உரோமமும் உரிய பராமரிப்பும்

நீண்ட உரோமமுடைய நாயை வளர்ப்போர் அனைவரும் கூறும் குறை ஒன்று உண்டு. காலையில் பெருக்கிய தரையில் நண்பகலுக்குள் மீண்டும் உரோமம் படிந்துவிடுகிறது. பாயிலும் தலையணையிலும் வெளுத்துவந்த வேட்டியிலும் அது ஒட்டிக்கொள்கிறது. இதனால் மனம் சலித்து, நாயின் உடலை முழுவதும் மழித்துவிடுவோர் உளர். வளர்த்த நாயையே வீட்டைவிட்டு அகற்றிவிடுவோரும் உளர். இவ்விரண்டும் வேண்டியதில்லை. உரோமம் உதிர்வதை நிறுத்த எவராலும் இயலாது. ஆயினும், தரையில் விழவேண்டிய உரோமத்தை முன்கூட்டியே சீப்பில் எடுத்துவிட முடியும். அதற்கான வழியை இங்கே காண்போம்.

முதலில் காரணத்தை அறிதல் நலம். இராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை முதலிய நம் தென்னாட்டு நாய்களுக்குக் குட்டையான உரோமமே உண்டு. அது நம் வெப்பத்திற்கு ஏற்றது. ஸ்பிட்ஸ், பொமரேனியன், அல்சேஷியன், கோல்டன் ரெட்ரீவர் ஆகியவற்றின் முன்னோர் குளிர்நாடுகளில் வாழ்ந்தவை. ஆதலின் அவற்றின் உடலில் இரண்டு அடுக்கு உரோமம் காணப்படும். மேலடுக்கு நீண்டு முரடாக இருக்கும். அடியடுக்கு பஞ்சுபோல் மென்மையாக அடர்ந்திருக்கும். வீட்டில் பறந்து திரிவது பெரும்பாலும் இந்த அடியுரோமமே.

ஒவ்வொரு உரோமமும் வளர்ந்து, வளர்ச்சி நின்று, சிலகாலம் ஓய்ந்திருந்து, பின்னர் புதிய உரோமம் எழும்போது உதிர்கிறது. இச்சுழற்சியைப் பெரிதும் நடத்துவது பகலின் நீளம். டில்லியில் கோடையின் நீண்ட பகலுக்கும் குளிர்காலத்தின் குறுகிய பகலுக்கும் மூன்றரை மணி நேரத்திற்கு மேல் வேறுபாடு உண்டு. கொச்சியோ நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறக்குறைய 10 பாகையில் உள்ளது. இங்கு அவ்வேறுபாடு ஒரு மணி நேரத்திற்குச் சற்றே அதிகம். வீட்டில் எரியும் மின்விளக்குகளும் இரவைப் பகலாக்குகின்றன. ஆகவே, குளிர்நாட்டு நாய் ஆண்டுக்கு இருமுறை மொத்தமாக உதிர்ப்பதை, இடக்கொச்சியில் வளரும் நாய் ஆண்டு முழுவதும் சிறிது சிறிதாக உதிர்க்கிறது. இதனை நோயென்று அஞ்ச வேண்டுவதில்லை.

அஞ்சவேண்டியது ஈரத்தையே. மூன்று புறமும் காயலும் கடலும் சூழ்ந்த இப்பகுதியில், ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் துணிகூட எளிதில் உலராது. உதிர்ந்த அடியுரோமம் வெளியேறாமல் உள்ளேயே தங்கிச் சிக்காகிவிடும். அச்சிக்கின் அடியில் ஈரம் நின்றால் தோல் வெந்து சிவந்து, சில மணி நேரத்திலேயே நீர்வடியும் புண்ணாகிவிடக்கூடும். உண்ணிகளும் அங்கேயே ஒளிந்துகொள்ளும். எனவே சீவுதல் வீட்டின் தூய்மைக்கு மட்டுமன்றி, நாயின் உடல்நலத்திற்கும் இன்றியமையாதது.

இதற்கு வேண்டிய கருவிகள் இரண்டே: மெல்லிய வளைகம்பிகள் பதித்த தூரிகை ஒன்று, அகன்ற பற்களையுடைய உலோகச் சீப்பு ஒன்று. நாள்தோறும் பத்து நிமிடம் ஒதுக்குவது நன்று. இயலாதவர் வாரத்தில் மூன்று நாளேனும் செய்தல் வேண்டும். மேலாகத் தடவிவிடுவதால் பயனில்லை. இடக்கையால் உரோமத்தை மேல்நோக்கி ஒதுக்கித் தோல் தெரியுமாறு வகிடெடுத்து, அங்கிருந்து சிறிது சிறிதாக வெளிப்புறம் நோக்கிச் சீவ வேண்டும். கம்பி தோலைக் கீறலாகாது. காதின் பின்புறம், கழுத்துப்பட்டையின் அடி, முன்கால் இடுக்கு, தொடையின் பின்புறம் ஆகியவை சிக்கு விழும் இடங்கள். சிக்கைக் கத்தரியால் வெட்டுதல் ஆபத்து; தோலும் அதனுள் இழுபட்டிருக்கும். சிக்கின் அடியை விரல்களால் பற்றிக்கொண்டு நுனியிலிருந்து மெல்லப் பிரிக்க வேண்டும்.

நீராட்டுவதற்கு முன்பே சிக்கெடுத்துவிட வேண்டும். நனைந்த சிக்கு மேலும் இறுகும். மூன்று அல்லது நான்கு வாரங்களுக்கு ஒருமுறை நீராட்டினால் பொதுவாகப் போதும். நாயின் தோல் நம்முடையதைப் போன்றதன்று. ஆதலின் நாய்களுக்கென்றே செய்யப்பட்ட ஷாம்புவைப் பயன்படுத்தி, நுரை சிறிதும் எஞ்சாமல் அலச வேண்டும். பின்னர் துவாலையால் ஒற்றியெடுத்து, மின்விசிறியின் கீழ் நிறுத்தி, அடியுரோமம் வரை உலர்த்துதல் வேண்டும். மழையில் நனைந்து வந்தாலும் இதுவே முறை.

கோடையில் இரக்கப்பட்டு மழித்துவிடுவோருக்கு ஒரு சொல். நாய் நம்மைப்போல் உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாவை நீட்டி மூச்சிரைத்தே வெப்பத்தைத் தணித்துக்கொள்கிறது. மழித்தால் தோல் நேரடி வெயிலுக்கும் கொசுக்கடிக்கும் இலக்காகும். இரட்டை அடுக்குடைய நாய்களுக்கு, மழித்த உரோமம் மீண்டும் வளரப் பல மாதங்கள் ஆகலாம். திட்டுத்திட்டாக வளர்வதும் உண்டு. லாசா ஆப்சோ, பூடில் போன்ற, உரோமம் தொடர்ந்து நீளும் இனங்களுக்குக் கத்தரித்தல் பொருந்தும். ஏனையவற்றிற்கு நிழலும் குளிர்ந்த நீரும் சீவிய உடலுமே போதும்.

உணவையும் கவனிக்க வேண்டும். உரோமம் பெரும்பாலும் புரதத்தால் ஆனது. வெறும் சோறு அதனை வளர்க்காது. கொச்சியில் எளிதில் கிடைக்கும் மத்தி மீனை வேகவைத்து, முள் நீக்கி, உப்பும் மிளகாயும் இன்றிச் சிறிதளவு கொடுக்கலாம். அதன் கொழுப்பு தோலுக்கு நல்லது. வெங்காயம் நாய்க்கு நஞ்சாதலால் வீட்டுக் குழம்பை ஊற்றலாகாது.

சீவும்போது கையோடு கண்ணும் வேலை செய்யட்டும். வட்டமான வழுக்கைத் திட்டு, ஓயாத சொறிதல், துர்நாற்றம் ஆகியவை தோல்நோயின் அறிகுறிகள். அரிப்பின்றி இருபக்க விலாவிலும் ஒரேவிதமாக உரோமம் உதிர்ந்து, உடலும் பருத்துவந்தால், தைராய்டுச் சுரப்பியின் குறைபாடாக இருக்கலாம். உண்ணி கண்ட நாய் சோர்ந்து உணவை மறுத்தால் உண்ணிக் காய்ச்சலாகவும் இருக்கலாம். இவற்றுள் எதைக் கண்டாலும் கால்நடை மருத்துவரிடம் காலந்தாழ்த்தாமல் கொண்டுசெல்ல வேண்டும். குட்டி ஈன்ற சில வாரங்களில் தாய்நாய்க்கு உரோமம் மிகுதியாக உதிர்வது இயல்பே.

குட்டியாக இருக்கும்போதே நாளுக்கு இரண்டு நிமிடம் சீப்பைப் பழக்கிவிட்டால், வளர்ந்த நாய் தானே வந்து நிற்கும். நீண்ட உரோமமுடைய நாயை வாங்க எண்ணுவோர், அதன் அழகோடு இப்பத்து நிமிட வேலையையும் சேர்த்தே வாங்குகிறோம் என்பதை முன்னரே உணர்ந்திருத்தல் வேண்டும். அந்நேரத்தை ஒதுக்க இயலாத இல்லத்திற்கு, நம் நாட்டுக் குட்டை உரோம நாயே உற்ற துணையாகும்.