அமிலம் ஊற்றாமலே அமிலமான குடிநீர்

1988 ஜூலை 6. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், கேமல்ஃபோர்டு ஊருக்கும் சுற்று வட்டாரத்துக்கும் குடிநீர் அனுப்பும் லோவர்மூர் சுத்திகரிப்பு நிலையத்தில் அன்று ஆள் யாருமில்லை. வழக்கமான ஓட்டுநருக்குப் பதிலாக வந்தவர், லாரியில் இருந்த 20 டன் அலுமினியம் சல்பேட் கரைசலைத் தவறான தொட்டியில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அந்தத் தொட்டியில் இருந்தது, சுத்திகரிப்பு முடிந்து குழாய்க்குப் போகக் காத்திருந்த தண்ணீர். சுமார் 20,000 பேருக்கு அந்தத் தண்ணீர்தான் வந்தது. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, மூட்டுவலி என்று மக்கள் அவதிப்பட்டார்கள். சிலருக்குத் தலைமுடியே பச்சையாக மாறியது.

அந்தப் பச்சை அலுமினியத்தால் வந்ததல்ல. வீடுகளின் செப்புக் குழாய்களைத் தண்ணீர் அரித்து, அதில் கரைந்து வந்த தாமிரத்தின் வேலை. தொட்டியில் விழுந்ததோ அமிலம் அல்ல, ஓர் உப்பு. அது கரைந்த தண்ணீருக்குக் குழாயை அரிக்கும் குணம் எங்கிருந்து வந்தது?

அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் கிடைக்கும் என்று பள்ளியில் படிக்கிறோம். ஆகவே உப்பு என்றாலே நடுநிலை என்ற எண்ணம் ஊன்றிவிடுகிறது. சாப்பாட்டு உப்புக்கு அது சரி. சோடியமும் குளோரைடும் நீர் மூலக்கூறைத் தொந்தரவு செய்வதில்லை. பிஎச் 7-லேயே நிற்கும். சலவைச் சோடாவின் கதை வேறு. அதிலுள்ள கார்பனேட் அயனி வலிமை குறைந்த கார்பானிக் அமிலத்திலிருந்து வந்தது. அது நீரிடமிருந்து ஒரு ஹைட்ரஜன் அயனியைப் பறித்துக்கொள்ள, ஹைட்ராக்சைடு மிஞ்சுகிறது. ஒரு லிட்டரில் பத்தில் ஒரு மோல் கரைத்தால் பிஎச் 11.6 வரை ஏறிவிடும். சட்டைக் காலரின் எண்ணெய் அழுக்கு அதில் விட்டுப்போவது இதனால்தான். அம்மோனியம் குளோரைடு எதிர்த்திசையில் போகும்; அதே செறிவில் பிஎச் 5 அளவுக்கு இறங்கும். உப்பு நீராற்பகுப்பு என்று பாடநூல் சொல்வது இதைத்தான்.

அலுமினியம் இவற்றைவிடத் தீவிரமானது. அதன் அயனி மிகச் சிறியது, மின்சுமையோ மூன்று. கரைந்ததும் ஆறு நீர் மூலக்கூறுகள் அதைச் சூழ்ந்துகொள்கின்றன. அந்த மூலக்கூறுகளின் எலக்ட்ரான்களை அலுமினியம் தன் பக்கம் இழுப்பதால், ஆக்சிஜனுக்கும் ஹைட்ரஜனுக்கும் இடையிலான பிடி தளர்ந்து ஹைட்ரஜன் அயனி கழன்று ஓடுகிறது. வினிகரில் உள்ள அசிட்டிக் அமிலத்துக்கு ஏறக்குறைய இணையான அமிலம் இந்த அயனி.

குடத்துக் கலங்கல் நீரில் அலுமினியம் உப்பான படிகாரக் கட்டியைச் சுழற்றித் தெளியவைத்த நம் பாட்டிமார்கள் பயன்படுத்தியதும், சுத்திகரிப்பு நிலையங்கள் பயன்படுத்துவதும் இதே வினையைத்தான். ஹைட்ரஜன் அயனிகள் ஒன்றன்பின் ஒன்றாக விலகியபின் மிஞ்சும் அலுமினியம் ஹைட்ராக்சைடு, கூழ்போலத் திரண்டு மண் துகள்களைச் சேர்த்துக்கொண்டு அடியில் படிகிறது. வெளிவந்த அமிலத்தைத் தண்ணீரில் இயல்பாக உள்ள பைகார்பனேட் ஈடுகட்டிவிடும். அது போதாத இடங்களில் சுத்திகரிப்பு நிலையத்தார் சுண்ணாம்பு சேர்க்கிறார்கள். இந்த ஈடுகட்டல் இருக்கும்வரை படிகாரம் நல்ல நண்பன்.

கேமல்ஃபோர்டில் ஈடுகட்டப் போதுமானது எதுவும் இல்லை. அது கருங்கல் மேட்டுநிலம். அங்கே கிடைப்பது பைகார்பனேட் குறைந்த மென்னீர். அதில் 20 டன் சரக்கு ஒரே மூச்சில் இறங்கியது. என்ன நடந்தது என்ற உண்மையை அதிகாரிகள் இரண்டு வாரத்துக்கும் மேலாக மக்களிடம் சொல்லவில்லை. தண்ணீர் பாதுகாப்பானது என்றே சொல்லிவந்தார்கள். குழாய்களைக் கழுவி ஆறுகளில் விட்டதில் சுமார் 60,000 மீன்கள் செத்தன. 1991-இல் குடிநீர் நிர்வாகத்துக்கு நீதிமன்றம் விதித்த அபராதம் 10,000 பவுண்டு. ஓட்டுநரின் தவறை மன்னிக்கலாம். தெரிந்தும் வாய் திறக்காதவர்களை மன்னிக்க எனக்கு மனம் வரவில்லை.

பிளஸ் டூ மாணவர்கள் நீராற்பகுப்பு மாறிலிக்குச் சூத்திரம் வருவிக்கிறார்கள், மதிப்பெண்ணும் வாங்குகிறார்கள். ஆனால் பலருக்கு இந்தப் பாடம் குடிநீர்க் குழாய்வரை வந்து சேர்வதில்லை. வேதியியல் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். சாப்பாட்டு உப்பு, சலவைச் சோடா, நவச்சாரம் (அம்மோனியம் குளோரைடு), படிகாரம் நான்கும் மளிகைக் கடையிலும் நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். நான்கு டம்ளரில் கரைத்து, லிட்மஸ் தாளை மாணவர்கள் கையிலேயே கொடுங்கள். சூத்திரத்தை அதற்குப் பிறகு கரும்பலகையில் எழுதலாம்.