காட்டைக் காத்த நீர்த்தேக்கம்

சிங்கப்பூரின் நடுவில், அடுக்குமாடிக் குடியிருப்புகளுக்கு வெகு அருகிலேயே ஒரு மழைக்காடு இருக்கிறது. மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றி, அந்தக் காட்டுக்குள் நுழைந்து வெளிவரும் நடைபாதை ஏறத்தாழ 11 கி.மீ. நீளம். இவ்வளவு நெரிசலான நகரத்தில் இந்தக் காடு எப்படித் தப்பியது? தண்ணீர்த் தேவைதான் அதைக் காப்பாற்றியது.

19ஆம் நூற்றாண்டில் இந்தத் தீவின் காடுகள் வேகமாக அழிந்தன. தோல் பதனிட உதவும் கேம்பியர் செடியைப் பயிரிட நிலம் வேண்டும். அதன் இலைகளைக் காய்ச்ச விறகும் வேண்டும். இரண்டுக்கும் காடுதான் பலியானது. 1868இல் இந்த நீர்த்தேக்கம் கட்டி முடிக்கப்பட்டது. குடிநீருக்கான நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதால் சுற்றியிருந்த மரங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்தது.

தண்ணீருக்கும் காடு அதே அளவு தேவை. சிங்கப்பூரில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை கொட்டுகிறது. வெற்று நிலத்தில் அந்த மழை மண்ணை அரித்துக்கொண்டு போய் நீர்த்தேக்கத்தைத் தூர்த்துவிடும். காட்டிலோ மழையின் வேகத்தை இலைகள் தணிக்கின்றன. சருகும் வேர்களும் மண்ணைப் பிடித்துக்கொள்கின்றன. மண்ணுக்குள் இறங்கிய நீர் மெல்லக் கசிந்து ஓடைகளைச் சேர்கிறது.

பாதையோரத்தில் ரப்பர் மரங்களும் தென்படும். மலாயாத் தோட்டங்களில் உழைத்த தமிழர்கள் 'பால்மரம்' என்றழைத்த அதே மரம். காய்ந்த காய் படீரென வெடித்து, புள்ளி போட்ட பளபளப்பான விதைகளைத் தூர எறியும். பழைய தோட்டங்களைக் காடு மீட்டுக்கொண்ட இடங்கள் இவை.

ஆனால் இந்த மீட்சி முழுமையானதல்ல. ஆதிக் காட்டின் பெருமரங்கள் பல, நம் குங்கிலிய மரத்தின் குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றின் காய்களுக்கு இறக்கைகள் உண்டு. சுழன்றபடி விழுந்தாலும் பெரும்பாலும் தாய்மரத்தை விட்டு வெகுதூரம் போவதில்லை. விதைகள் சில வாரங்களுக்குள் உயிரிழக்கும். மரங்களும் பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் பெருமளவில் காய்க்கும். அதனால்தான் ஒருமுறை வெட்டப்பட்ட இடத்தில், நூறாண்டு கழித்தும் இம்மரங்கள் அரிதாகவே இருக்கின்றன.

காட்டின் உட்பகுதியில் 250 மீட்டர் நீளத் தொங்குபாலம் ஒன்று இரு குன்றுகளை இணைக்கிறது. நிலத்திலிருந்து 25 மீட்டர் உயரம் வரை செல்லும் அதில் நின்றால் மரங்களின் உச்சி கண்மட்டத்துக்கு வரும். இந்த உச்சிகளுக்கிடையேதான் கொலூகோ என்ற பாலூட்டி வாழ்கிறது. பகலில் அடிமரத்தோடு ஒட்டிக்கிடக்கும். பாசி படிந்த பட்டையென்றே தோன்றும். கழுத்திலிருந்து விரல்நுனி, வால்நுனி வரை தோல்சவ்வு. இரவில் அதை விரித்து ஒரே தாவலில் 100 மீட்டருக்கு மேலும் சறுக்கிச் செல்லும். தாய் அதே சவ்வை மடித்துக் குட்டிக்குத் தொட்டிலாக்கும். தரையில் கொலூகோவால் சரியாக நடக்க முடியாது. மரங்களின் தொடர்ச்சி அறுந்தால் அது அங்கேயே சிறைப்படும்.

அணை என்றால் சுவரும் மதகும் மட்டுமே என்று கணக்குப் போடுகிறோம். மேலே மழையை வாங்கி, வடிகட்டி அனுப்பும் காடும் அந்த அணையின் உறுப்புதான். சுவரில் விரிசல் விட்டால் சில மாதங்களில் சரிசெய்யலாம்; காடு போனால் நூறாண்டும் போதாது. நீர்த்திட்டங்களுக்கு நிதி ஒதுக்கும்போது முதல் பங்கு காட்டுக்கே போய்ச் சேர வேண்டும்.