சுவர்க்கோழியின் பாட்டு

விடுதியில் விளக்கணைந்ததும் மூலையிலிருந்து "கிர்ரீ, கிர்ரீ" என்று ஓர் ஒலி எழுமே, அது யாருடையது தெரியுமா? பெயரில் கோழி இருந்தாலும் ஆறு கால்களையுடைய பூச்சியாகிய சுவர்க்கோழியுடையதுதான்.

அது வாயால் பாடுவதில்லை. ஒரு முன்னிறக்கையின் அடிப்பக்கத்தில் அரம் போன்ற பற்கள் உள்ளன. மற்ற இறக்கையின் ஓரம் அவற்றில் உராயும்போது ஒலி பிறக்கிறது. ஆண் மட்டுமே இவ்வாறு பாடிப் பெண்ணை அழைக்கும். பெண்ணுக்குக் காதுகள் எங்கே? முன்னங்கால்களில், முழங்காலுக்குச் சற்றுக் கீழே! நான் முதலில் இதை நம்பவேயில்லை. பெண் பூச்சி ஊசி போன்ற உறுப்பால் மண்ணுக்குள் முட்டையிடும். வெளிவரும் இளம்பூச்சி கூட்டுப்புழுவாகாமல், பலமுறை தோலுரித்தே வளர்ந்து இறக்கை பெறும்.

ஆனால் பாட்டே எமனாவதும் உண்டு. ஹவாய்த் தீவுகளில் ஒருவகை ஈ, வயல் சுவர்க்கோழியின் பாட்டைக் கேட்டுப் பறந்து வந்து அதன்மேல் தன் புழுக்களை இடுகிறது. அவை உள்ளே புகுந்து தின்று, ஏறத்தாழ ஒரு வாரத்தில் அதைக் கொன்று வெளிவருகின்றன.

அங்குள்ள கவாய் தீவில் 2003ஆம் ஆண்டு ஆராய்ச்சியாளர்கள் பார்த்தபோது, பெரும்பாலான ஆண் பூச்சிகளின் இறக்கையில் ஒலியெழுப்பும் அமைப்பே சரியாக இல்லை! பிறவியிலேயே ஊமையான இவை ஈயின் காதுக்குத் தப்பிப் பெருகிவிட்டன. அப்படியானால் இவற்றுக்குத் துணை கிடைப்பது எப்படி? இன்னும் பாடிக்கொண்டிருக்கும் சில பூச்சிகளின் அருகே போய் இவை சும்மா இருந்துகொள்கின்றன. பாட்டைத் தேடி வரும் பெண் பூச்சி வழியில் இவற்றைச் சந்தித்துவிடுகிறது. பாடியவன் பாவம், ஈ வரும்வரை பாடிக்கொண்டேயிருக்கிறான்.