வெளிநாட்டு மாப்பிள்ளை: ஏர்போர்ட் தாண்டினால் நம்ம சட்டம் எவ்வளவு தூரம் கூட வரும்? 'ஆனந்த தாண்டவம்' மதுமிதாவை வைத்து ஒரு விளக்கம்

அமெரிக்காவில் இருந்து ஒரு மாப்பிள்ளை வருகிறார். பெண் பார்க்கிறார்கள், பேசி முடிக்கிறார்கள், அவசர அவசரமாகக் கல்யாணம். பெண் விமானம் ஏறிவிடுகிறாள். அவளைக் காதலித்த உள்ளூர் இன்ஜினீயர் பையன் ஊரிலேயே உடைந்துபோய் நிற்கிறான். 2009 ஏப்ரல் 10-ல் வெளியான 'ஆனந்த தாண்டவம்' படத்தின் முக்கிய முடிச்சு இதுதான்.

மதுமிதாவாக தமன்னா, ரகுவாக சித்தார்த் வேணுகோபால் நடித்த இந்தப் படத்தை இயக்கியவர் ஏ.ஆர்.காந்தி கிருஷ்ணா. இசை ஜி.வி.பிரகாஷ்குமார். ஆனால் பலருக்கு இந்தக் கதை படத்துக்கு முன்பே மனப்பாடம். 1980-களில் ஆனந்த விகடனில் தொடராக வந்த சுஜாதாவின் 'பிரிவோம் சந்திப்போம்' நாவல்தான் அது. படம் வெளியானபோது சுஜாதா உயிருடன் இல்லை. 2008 பிப்ரவரி 27-ல் மறைந்துவிட்டார்.

கதை நடப்பது தாமிரபரணிக் கரையில். எழுதியவர் வளர்ந்ததோ ஸ்ரீரங்கத்தில், பாட்டி வீட்டில். படித்தது திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில். பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றவர்கள் மட்டும் இங்கே என்று இருக்கும் வீடுகளை இன்று சித்திரை வீதி, உத்திர வீதி பக்கம் சாதாரணமாகப் பார்க்கலாம். அந்த வீடுகளுக்கு மதுமிதாவின் கதை புதுசு இல்லை.

படம் பார்த்தவர்கள் பெரும்பாலும் ரகுவுக்காகத்தான் வருத்தப்பட்டார்கள். காதல் படம் என்றால் அப்படித்தான். ஆனால் கதையில் அதிகம் இழப்பது மதுமிதா. விவரம் தெரியாத வயதில் மற்றவர்கள் எடுத்த முடிவுக்குத் தலையாட்டி, கணவரைத் தவிர யாரையும் தெரியாத ஒரு நாட்டில் போய் இறங்குகிறாள். கணவரின் இன்னொரு முகம் அங்கே போன பிறகுதான் தெரிகிறது. முடிவு என்ன என்பதை இங்கே சொல்லப்போவதில்லை, பார்க்காதவர்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

நம்முடைய கேள்வி வேறு. இன்று ஒரு மதுமிதா திருச்சியில் இருந்து கிளம்பினால், அவளுக்கு என்ன பாதுகாப்பு இருக்கிறது?

நமக்கு மட்டுமான கதை இல்லை

கிரேக்க இயக்குநர் பாண்டெலிஸ் வூல்கரிஸ் 2004-ல் எடுத்த 'பிரைட்ஸ்' படத்தில் ஒரு கப்பல் முழுக்க மணப்பெண்கள். 1922-ல் 700 பெண்கள், பார்த்தே இராத மாப்பிள்ளைகளைத் தேடி அமெரிக்கா போகிறார்கள். அதற்கும் முன்பே, 1900-களின் தொடக்கத்தில் ஜப்பானில் இருந்து ஹவாய்க்கும் கலிபோர்னியாவுக்கும் போட்டோவை மட்டும் நம்பி ஆயிரக்கணக்கான பெண்கள் கப்பல் ஏறினார்கள். துறைமுகத்தில் இறங்கினால், போட்டோவில் இருந்தவரைவிடப் பல வயது மூத்தவர் நின்றுகொண்டிருப்பார்! பழைய போட்டோவை அனுப்பியிருப்பார்கள். 1994-ல் வந்த 'பிக்சர் பிரைட்' படம் இதைத்தான் சொல்கிறது.

போர்க்கால ஈழத்துக் கல்யாணங்களில் போட்டோவின் வேலை வேறு. கனடாவிலோ ஐரோப்பாவிலோ இருந்த மாப்பிள்ளை இலங்கைக்குத் திரும்ப முடியாது. அதனால் இருவரும் இந்தியா மாதிரி மூன்றாவது நாட்டில் சந்தித்துத் தாலி கட்டினார்கள். விசா அதிகாரிக்கு அது நிஜக் கல்யாணம்தான் என்று நிரூபிக்க அந்த ஆல்பமே சாட்சியாகப் போனது.

ஏன் இவ்வளவு அவசரம்?

மாப்பிள்ளைக்குக் கிடைப்பதே இரண்டு, மூன்று வாரம் லீவு. அமெரிக்காவில் நீண்ட விடுமுறை கிறிஸ்துமஸ் சமயத்தில்தான் கிடைக்கும். ஆனால் அது நமக்கு மார்கழி. ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசிக் கூட்டம் இருக்கும், முகூர்த்தம் இருக்காது. ஆடியிலும் கிடையாது. ஆக, ஆனி கடைசி அல்லது தை முதல் வாரம் என்று மண்டபத் தேதியை வைத்துத்தான் எல்லாமே முடிவாகிறது. மாப்பிள்ளையைப் பற்றி விசாரிக்க வேண்டிய நாள்களைப் பத்திரிகை அடிப்பதும் புடவை எடுப்பதும் தின்றுவிடுகின்றன. வெளிநாட்டுக் கல்யாணத்தில் நடக்கும் ஏமாற்றங்களுக்கு நாட்டைவிட இந்த அவசரத்துக்குத்தான் பெரிய பங்கு என்று சொல்லலாம்.

ஒரு வழி இருக்கிறது. நிச்சயதார்த்தத்தை ஒரு பயணத்திலும் கல்யாணத்தை அடுத்த பயணத்திலும் வைப்பது. செலவு கூடும்தான். ஆனால் நடுவில் ஆறு மாதம் கிடைக்கும். நாளுக்கு இரண்டு மணி நேரம் வீடியோ கால் பேசுவதால் தெரியாத விஷயங்கள் அந்த ஆறு மாதத்தில் வெளியே வந்துவிடும்.

என்ன விசாரிக்க வேண்டும்?

"பையன் சிங்கப்பூர்ல இருக்கான்" என்பது பாதித் தகவல்தான். திருச்சியில் இருந்து நேரடி விமானம் போகும் ஊர் என்பதால் இந்தச் சம்பந்தங்கள் நம் பக்கம் அதிகம். கேட்க வேண்டியது, அவர் கையில் இருப்பது ஒர்க் பெர்மிட்டா, எஸ் பாஸா, எம்ப்ளாய்மென்ட் பாஸா என்பதை. ஒர்க் பெர்மிட் என்றால் மனைவிக்கு டிபெண்டன்ட் பாஸ் எடுத்துக் கூட்டிப்போக முடியாது. மற்ற இரண்டு பாஸ்களிலும் மாதச் சம்பளம் குறைந்தது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்க வேண்டும். "கல்யாணம் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போயிடுவான்" என்ற வாக்குறுதி நடக்குமா நடக்காதா என்பதை அந்த ஒரு அட்டையே சொல்லிவிடும். டிபெண்டன்ட் பாஸில் போகும் மனைவி அங்கே வேலை பார்க்க, 2021 மே மாதத்தில் இருந்து பொதுவாகத் தனியாக ஒரு ஒர்க் பாஸ் தேவை.

அமெரிக்கா என்றால் பெரும்பாலும் ஹெச்-1பி. மனைவிக்குக் கிடைப்பது ஹெச்-4. இந்த விசாவின் உயிர் கணவரின் விசாவில் இருக்கிறது. அவர் வேலை போனால் இவர் விசாவும் ஆட்டம் காணும், விவாகரத்து ஆனால் ஹெச்-4 தகுதியே போய்விடும். வேலைக்குப் போவதும் எல்லோருக்கும் முடியாது. 2015 மே மாதம் முதல், கணவரின் கிரீன் கார்டு நடைமுறை ஒரு குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால் மட்டும் ஹெச்-4 மனைவிக்கு வேலை அனுமதி உண்டு. இங்கே எம்.இ. முடித்து வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண், அங்கே போய் சூப்பர் மார்க்கெட் செலவுக்குக்கூடக் கணவரின் கார்டை எதிர்பார்த்து உட்காருவது இதனால்தான்.

பலருக்குத் தெரியாத ஒன்றும் இருக்கிறது. கணவரின் கொடுமைக்கு ஆளான ஹெச்-4 மனைவி, அவருடைய கையெழுத்து இல்லாமலே வேலை அனுமதிக்கு விண்ணப்பிக்க அமெரிக்கச் சட்டத்திலேயே இடம் உண்டு. "போலீஸுக்குப் போனா உன்னை நாடு கடத்திடுவாங்க" என்று மிரட்டப்படும் பெண்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்வது நல்லது.

முதல் ஆயுதம் ஒரு பேப்பர்

'ஆனந்த தாண்டவம்' வந்த அதே 2009-ல்தான் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டமும் அமலுக்கு வந்தது. எந்த மதமாக இருந்தாலும் கல்யாணத்தை 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னொரு 60 நாள். வெளிநாட்டு மாப்பிள்ளை 90 நாள் இங்கே இருக்கமாட்டார் என்பதால், அவர் லீவு முடிவதற்குள் சார்பதிவாளர் அலுவலகத்தில் வேலையை முடிப்பதுதான் புத்திசாலித்தனம். விசாவுக்கும் சான்றிதழ் வேண்டும், நாளைக்கு வழக்கு என்று வந்தாலும் வேண்டும்.

"அடுத்த தடவை வரும்போது ரிஜிஸ்டர் பண்ணிக்கலாம்" என்று மாப்பிள்ளை வீட்டில் சொன்னால், அங்கேயே நின்று ஏன் என்று கேளுங்கள்.

மாப்பிள்ளையின் பாஸ்போர்ட், விசா நகல், கம்பெனி பெயர், வெளிநாட்டு முகவரி, கல்யாண போட்டோ, பத்திரிகை, நகைப் பட்டியல் எல்லாவற்றிலும் ஒரு செட் பெண்ணின் பெற்றோர் வீட்டில் இருக்க வேண்டும். பெண்ணின் சொந்த இமெயிலிலும் ஏற்றி வையுங்கள், பாஸ்வேர்டு அவரிடம் மட்டும் இருக்கட்டும்.

அங்கே விவாகரத்து வாங்கிவிட்டால்?

இதுதான் அதிகம் நடக்கும் சிக்கல். பெண்ணை ஊருக்கு அனுப்பிவிட்டு, கணவர் அங்குள்ள கோர்ட்டில் விவாகரத்து வாங்கிவிடுவார். இங்கே தபாலில் ஒரு உத்தரவு வந்து விழும்.

இதற்கு உச்ச நீதிமன்றம் 1991-லேயே பதில் சொல்லிவிட்டது. திருப்பதியில் நடந்த கல்யாணம், அமெரிக்காவின் மிசௌரி மாகாண கோர்ட்டில் கணவர் வாங்கிய விவாகரத்து. நரசிம்ம ராவ் எதிர் வெங்கடலட்சுமி என்ற அந்த வழக்கில், இந்து திருமணச் சட்டத்தில் இல்லாத காரணத்துக்காக, மனைவி ஏற்றுக்கொள்ளாத வெளிநாட்டு கோர்ட் தரும் விவாகரத்து இந்தியாவில் செல்லாது என்று தீர்ப்பு வந்தது. அதாவது, அமெரிக்காவில் அவர் தனி ஆள், திருச்சியில் அவர் இன்னும் இந்தப் பெண்ணின் கணவர். கேட்க விசித்திரமாக இருந்தாலும் சட்ட நிலை இதுதான்.

அதற்காக வெளிநாட்டு நோட்டீஸைத் தூக்கி அலமாரியில் போட்டுவிடக் கூடாது. வக்கீலைக் கேட்காமல் பதில் அனுப்பவும் கூடாது. அந்த கோர்ட்டின் அதிகாரத்தை ஏற்றுக்கொண்டு வழக்கில் கலந்துகொண்டால், பிறகு அந்தத் தீர்ப்பு உங்களைக் கட்டுப்படுத்தலாம்.

குழந்தை இருந்தால் சிக்கல் இரட்டிப்பு. ஹேக் குழந்தைக் கடத்தல் உடன்படிக்கையில் இந்தியா சேரவில்லை. கணவர் சம்மதம் இல்லாமல் அம்மா குழந்தையோடு திருச்சி வந்துவிட்டால், அங்கே அது கடத்தல் வழக்காகலாம். இங்குள்ள நீதிமன்றங்கள் குழந்தையின் நலனைத்தான் முதலில் பார்க்கும் என்று 2017-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது ஓரளவு ஆறுதல்.

புகார் எங்கே?

கொடுமை நடந்தது நியூஜெர்சியில் என்றாலும், தாய்வீடு திரும்பிய பெண் தான் தஞ்சம் அடைந்த ஊரிலேயே புகார் கொடுக்கலாம் என்று ரூபாலி தேவி வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. ஆகவே ஸ்ரீரங்கத்துப் பெண் ஸ்ரீரங்கம் மகளிர் போலீஸிலேயே புகார் கொடுக்கலாம், "சம்பவம் நடந்த இடத்துக்குப் போம்மா" என்று அனுப்ப முடியாது. முன்பு 498-ஏ என்று எல்லோருக்கும் தெரிந்திருந்த பிரிவு, 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு. மனைவி இருக்கும்போதே இன்னொரு கல்யாணம் என்றால் 82.

தேசிய மகளிர் ஆணையத்தில் 2009 முதல் தனி என்.ஆர்.ஐ. பிரிவு இருக்கிறது. வெளிநாட்டில் மாட்டிக்கொண்டவர்கள் வெளியுறவு அமைச்சகத்தின் 'மதத்' தளத்தில் புகார் பதியலாம், இந்தியத் தூதரகம் மூலம் சட்ட உதவியும் கேட்கலாம். கோர்ட்டுக்கு வராமல் டிமிக்கி கொடுக்கும் கணவரின் இந்திய பாஸ்போர்ட்டை முடக்க பாஸ்போர்ட் சட்டத்தின் 10(3) பிரிவில் வழி இருக்கிறது.

இங்கேதான் பெரிய ஓட்டை. அவர் அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கி ஓ.சி.ஐ. அட்டையோடு இருந்தால், முடக்க இந்திய பாஸ்போர்ட்டே கிடையாது. சம்மன் போய்ச் சேரவே மாதக்கணக்கில் ஆகும். ஏர்போர்ட் வரை வேகமாக வரும் நம் சட்டம், அதற்குப் பிறகு தபால் வேகத்தில்தான் போகிறது.

இதைச் சரிசெய்ய 2019 பிப்ரவரியில் அப்போதைய வெளியுறவு அமைச்சர் சுஷ்மா ஸ்வராஜ் மாநிலங்களவையில் ஒரு மசோதா கொண்டுவந்தார். 30 நாளில் கட்டாயப் பதிவு, வெப்சைட்டில் போட்டாலே சம்மன் கொடுத்ததாகக் கணக்கு, வராவிட்டால் சொத்து முடக்கம் என்று பலமான மசோதா. அது சட்டமாகவில்லை. 2024 பிப்ரவரியில் சட்ட ஆணையம் தன் 287-வது அறிக்கையில், ஓ.சி.ஐ.காரர்களையும் சேர்த்து ஒரே சட்டம் வேண்டும், கணவன், மனைவி இருவர் பாஸ்போர்ட்டிலும் திருமணப் பதிவு எண் இருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. அந்த எண் பாஸ்போர்ட்டில் ஏறும் நாள் வரை, சார்பதிவாளர் அலுவலகத்தில் வாங்கும் சான்றிதழைப் பெண்தான் பத்திரமாகக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்.