காலின் வலியும் இதயத்தின் நிலையும்

தென்காசியிலிருந்து குற்றாலம் செல்லும் சாலையில், திரிகூடராசப்பக் கவிராயர் பிறந்த மேலகரம் இருக்கிறது. அங்கிருந்து அருவிக்கு நடந்து செல்லும் முதியவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். சிறிது தொலைவு சென்றதும் கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது. நின்று இளைப்பாறினால் மறைகிறது. நடந்தால் மீண்டும் வருகிறது. மூப்பின் குறை என்று அவர் அதைத் தள்ளிவிடுவார். ஆனால், அது காலுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் தமனி சுருங்கியதன் அறிகுறியாக இருக்கலாம்.

தமனியின் உட்சுவரில் கொழுப்புப் படிவது ஓரிடத்தோடு நிற்கும் நோயன்று. காலில் அடைப்புடையோருக்கு இதயக் குழாய்களிலும் அக்கேடு இருத்தல் கூடும். இவர்களுள் காலை இழப்போரைவிட, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவற்றால் உயிர் இழப்போரே மிகுதி.

அப்படியாயின் நெஞ்சு ஏன் முன்கூட்டியே வலித்து எச்சரிப்பதில்லை? இதயம் கடுமையாக உழைக்க நேருமுன்பே கால் மனிதனை நிறுத்திவிடுகிறது. டிரெட்மில்லில் நடக்கவைத்துச் செய்யும் சோதனையும் இதனாலேயே பயன் குன்றுகிறது.

இங்கே துணைக்கு வருவது எம்.ஆர்.ஐ. என்னும் காந்தப் படமுறை. லாட்டர்பர் என்ற அமெரிக்க அறிஞர் 1973-இல் இதற்கு வழி காட்டினார். அவரும் இங்கிலாந்தின் மேன்ஸ்ஃபீல்டும் 2003-இல் நோபல் பரிசு பெற்றனர். வலிய காந்தத்தினுள் உடலைக் கிடத்தி, வானொலி அலைகளைச் செலுத்தினால், உடலிலுள்ள நீரின் ஹைட்ரஜன் அணுக்கள் மறுமொழி தருகின்றன. அம்மறுமொழியே படமாகிறது. எக்ஸ்-கதிர் இதில் இல்லை.

நோயாளி நடக்கவேண்டுவதில்லை. படுத்திருக்கும்போதே அடினோசின் என்னும் மருந்தைச் செலுத்தினால், நல்ல குழாய்கள் விரிகின்றன. அப்போது கடோலினியம் கலந்த மருந்தை ஊசிவழி ஏற்ற, இரத்தம் குறைவாகப் பாயும் தசை கருத்துத் தெரிகிறது. சில நிமிடங்கள் கழித்து மீண்டும் படமெடுத்தால், பழைய மாரடைப்பின் தழும்பு வெண்மையாக ஒளிர்கிறது. தமக்கு மாரடைப்பு வந்ததையே அறியாத சிலரிடமும் இத்தழும்பு காணப்படுவதுண்டு. அது பின்வரும் ஆபத்தின் முன்னறிவிப்பாகும்.

எனினும் இச்சோதனை எல்லோர்க்கும் வேண்டுவதன்று. செலவு மிக்கது, சிறுநீரகம் பழுதுற்றோர்க்கும், உடலில் சிலவகை உலோகக் கருவி பொருத்தப்பட்டோர்க்கும் எச்சரிக்கை தேவை. முதற்சோதனை மிக எளியது: கணுக்காலின் இரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுத்துப் பார்ப்பது. விடை 0.9 அல்லது அதற்கும் கீழானால் தமனி நோய் உண்டெனக் கொள்வர். அதன் பின் எது தேவை என்பதை மருத்துவர் முடிவு செய்வார்.

படம் நோயைக் காட்டுமேயன்றித் தீர்க்காது. பீடியையும் புகையிலையையும் அறவே விடுதல், சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் கட்டுக்குள் வைத்தல், கொழுப்பைக் குறைக்கும் மருந்தை இடைவிடாது உண்ணுதல், மருத்துவர் சொற்படி நாள்தோறும் நடத்தல் ஆகியவையே காப்பு. காலுக்கு மட்டும் தைலம் தடவி, இதயத்தை மறந்துவிடலாகாது.